ஃப்ளெக்ஸில் என் படம், நான் பேசணுமா?

கேள்வி: வயது 22. தென்மாவட்டத்து கிராமம். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் வேலை, சென்னையில் ஹாஸ்டல். 400 மீட்டர் தடை ஓட்டத்தில் போன மாதம் தேசிய அளவில் வெள்ளி வாங்கினேன். அடுத்த வாரமே எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு சாதிக் கொலை. கைதானவர்கள் எங்கள் சாதிக்காரர்கள். "இவ்வளவு பேர் உன்னை ஃபாலோ பண்றாங்க, ஒரு வார்த்தை பேச மாட்டியா?" என்று கல்லூரித் தோழிகள் கேட்கிறார்கள். கோச் சார், "வாயை மூடிட்டு ஓடு" என்கிறார். இதற்கிடையில் எங்கள் சாதிச் சங்கம் என் படத்தை ஃப்ளெக்ஸில் போட்டு, பாராட்டு விழாவுக்குத் தேதியும் குறித்துவிட்டது. அடுத்த தடகளப் போட்டிக்கு (மீட்) ஐந்து வாரம்தான். தூக்கமே இல்லை. என்ன செய்வது?
(பெயர் வேண்டாம்)

பதில்: தோழிகள் பேசச் சொல்கிறார்கள், கோச் பேசாதே என்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்களைக் கேட்காமலேயே உங்கள் சார்பில் ஒருவர் பேசியாகிவிட்டது: அந்த ஃப்ளெக்ஸ். ஊருக்குள் நுழைகிறவர்களுக்கு நீங்கள் எந்தப் பக்கம் என்று அது தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குங்கள்.

ரயில்வே ஊழியர் நடத்தை விதிகள், 1966 என்று ஒன்று உண்டு. வேலையில் சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், படித்திருக்க மாட்டீர்கள், யார்தான் படிக்கிறார்கள்! அதில் விதி 14-ஐத் தேடிப் பிடியுங்கள். ஊழியரைப் பாராட்டி நடத்தும் விழாவில் முன் அனுமதி இல்லாமல் கலந்துகொள்ளக் கூடாது என்கிறது. சங்கத்துக்குச் சொல்ல இதைவிட நல்ல பதில் கிடையாது. "வரமாட்டேன்" என்றால் சண்டை. "டிபார்ட்மென்ட் அனுமதி இல்லாமல் வந்தால் வேலைக்குச் சிக்கல்" என்றால் பெரியவர்கள் அடங்கிவிடுவார்கள். அது பொய்யும் இல்லை. நீங்களே போன் செய்ய வேண்டாம். அப்பாவோ தாய்மாமாவோ நேரில் போய்ச் சொல்லட்டும். படத்தை எடுக்கச் சொல்வதும் அதே சந்திப்பில் முடியட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது அடுத்த நிமிடமே வேறு குரூப்பில் இருக்கும்.

இனி பேசுவதைப் பற்றி. விதி 9 உங்களுக்கு எல்லை போடுகிறது: மத்திய, மாநில அரசுகளின் கொள்கையையோ நடவடிக்கையையோ ஊடகத்தில் குறைகூறக் கூடாது. சமூக வலைதளப் பதிவையும் அதே கணக்கில் வையுங்கள். "சாதிக்காக உயிரை எடுப்பது தவறு" என்று நீங்கள் எழுதினால் அது அரசு விமர்சனம் ஆகாது. "போலீஸ் வேடிக்கை பார்த்தது" என்று ஒரு வரி சேர்த்தால் ஆகிவிடும். அந்த ஒரு வரிக்காக மெமோ வரும். கட்சி மேடை பக்கமே போகாதீர்கள், அதற்குத் தனி விதி இருக்கிறது; 2024 செப்டம்பரில் மல்யுத்தக்காரர்கள் வினேஷ் போகத்தும் பஜ்ரங் பூனியாவும் காங்கிரஸில் சேருமுன் ரயில்வே வேலையை ராஜினாமா செய்தது நினைவிருக்கும். ஷூ கம்பெனி ஒப்பந்தம் ஏதும் இருந்தால், 'நற்பெயருக்குக் களங்கம்' என்று தொடங்கும் பத்தியைத் தேடிப் படியுங்கள்.

கோச் சொல்வதில் பாதி சரி. ஆனால் பேசாமல் இருந்தால் பிரச்சினை வராது என்று அவர் நினைப்பது தப்பு. 2021 டி20 உலகக் கோப்பையில் நடந்ததைப் பாருங்கள். இனவெறிக்கு எதிராக எல்லா வீரர்களும் மண்டியிட வேண்டும் என்று தென்னாப்பிரிக்க வாரியம் உத்தரவு போட்டது, அதுவும் மேட்ச் அன்று. குவின்டன் டி காக் ஆட்டத்திலிருந்தே விலகிவிட்டார், காரணம் சொல்லவில்லை. அக்டோபர் 26-இல் விலகியவர் 28-ஆம் தேதிதான் அறிக்கை விட்டார்: தன் சிற்றன்னை கறுப்பினப் பெண், கடைசி நேரத்தில் கட்டாயப்படுத்தியதுதான் பிடிக்கவில்லை, மண்டியிடத் தனக்குத் தயக்கம் இல்லை என்று. 30-ஆம் தேதி இலங்கைக்கு எதிராக மண்டியிடவும் செய்தார். அறிக்கை வருவதற்கு முந்தைய இரண்டு நாளில் ஊர் உலகம் அவருக்கு என்னென்ன பட்டம் கட்டியது! வாரியம் அவசரப்பட்டது, அவர் தாமதித்தார். உங்கள் விஷயத்திலும் ஃப்ளெக்ஸ் தொங்கும் வரை மௌனம் மௌனமாக இருக்காது.

தோழிகளிடமும் ஒரு பலவீனம் இருக்கிறது. "இதை அப்படியே ஷேர் பண்ணு" என்று ஏதாவது அனுப்பியிருப்பார்கள். வேண்டாம். 2021 பிப்ரவரியில் விவசாயிகள் போராட்டத்தின்போது பிரபலங்கள் பலர் ஒரே ஹேஷ்டேக்கில் பதிவிட்டார்கள். இருவர் பக்கத்தில் ஒரே வாசகம் சொல் மாறாமல் இருந்ததை ஜனங்கள் பிடித்துவிட்டார்கள். அப்புறம் என்ன எழுதியிருந்தது என்று எவரும் பார்க்கவில்லை, யார் எழுதிக் கொடுத்தது என்றுதான் கேட்டார்கள். மாறாக, 2020 ஜூனில் கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்ட் இங்கிலாந்து எம்.பி.க்களுக்கு எழுதிய கடிதம் விடுமுறை நாளில் ஏழைக் குழந்தைகளின் சாப்பாடு என்ற ஒற்றை விஷயத்தைப் பற்றியது. பள்ளியின் இலவச உணவைச் சாப்பிட்டு வளர்ந்தவர் அவர். அரசு மறுநாளே இறங்கி வந்தது.

அதுபோல, இந்தக் கொலை விவகாரத்தில் உங்களால் மட்டும் சொல்லக்கூடியது எது? உங்கள் படம். கொலை நடந்தது எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் படத்துக்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்பது தெரியும். பேசுவதென்றால் மூன்றே வாக்கியம் போதும்:

"எங்கள் பகுதியில் நடந்த கொலை என்னை உலுக்கிவிட்டது. சாதியின் பேரால் யார் உயிரை எடுப்பதையும் நான் ஏற்கவில்லை. எந்தச் சாதி அமைப்பும் என் பெயரையோ படத்தையோ பயன்படுத்த நான் அனுமதி தரவில்லை."

இதை உங்கள் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கைதானவர்கள் பெயர் வேண்டாம், வழக்கு நடக்கிறது. இறந்தவர் 18 வயதுக்குக் கீழே என்றாலோ, வழக்கில் பாலியல் குற்றம் இருந்தாலோ, அடையாளம் வெளியிடுவதே சட்டப்படி குற்றம்.

பதிவிடுமுன் அம்மா அப்பாவிடம் படித்துக் காட்டுங்கள். இதை விட்டுவிடாதீர்கள். நீங்கள் சென்னை ஹாஸ்டலில் இருக்கிறீர்கள். அவர்கள் அந்தத் தெருவில் இருக்கிறார்கள். பால் வாங்கப் போகும்போது கேள்வி கேட்கப்படுவது அவர்கள்தான். அவர்கள் பயந்தால் மூன்றாவது வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம், அல்லது மீட் முடியும் வரை தள்ளலாம். பதிவே போடாவிட்டாலும் கோழைத்தனம் ஆகாது. அப்படியென்றால் தோழிகளுக்கு நேராகச் சொல்லிவிடுங்கள்: "இப்போ பேசப் போறதில்லை, காரணம் வீடு." மெசேஜைப் பார்த்தும் பதில் போடாமல் வைத்திருப்பதுதான் உங்களை ராத்திரி அரிக்கிறது.

போடுவதானால் இந்த வாரமே; மீட்டுக்கு முந்தைய பத்து நாளில் கண்டிப்பாக வேண்டாம். கமெண்டைப் பூட்டிவிட்டுப் போடுங்கள். போட்ட பிறகு அழிக்காதீர்கள்: ஸ்கிரீன்ஷாட் ஏற்கெனவே எடுத்திருப்பார்கள், அழித்தால் இரண்டு பக்கமும் அடிக்கும். மிரட்டல் வந்தால் பதில் சொல்லாமல் அந்தப் பக்கத்தின் முகவரி, தேதியுடன் படமெடுத்து வைத்து சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். போனை ஒரு வாரம் ரூம்மேட்டிடம் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

மைதானத்துக்குள் எதுவும் வேண்டாம். கையில் பட்டை, ஷூவில் எழுத்து, பதக்க மேடையில் சைகை எல்லாமே வேறு கணக்கு. 2023 டிசம்பரில் பெர்த் டெஸ்டுக்கு முன் ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் உஸ்மான் கவாஜா ஷூவில் எழுதிய 'எல்லா உயிர்களும் சமம்' என்ற வாசகத்துக்கு ஐசிசி தடை போட்டது. டேப் ஒட்டி மறைத்து ஆடினார். கறுப்புப் பட்டை கட்டியதற்குக் கண்டிப்பும் வந்தது. அதே கருத்தை அவர் வீடியோவில் பேசியதற்குத் தண்டனை இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக் டான்ஸ் வீராங்கனை மனிஷா தலாஷ் ஆப்கன் பெண்களுக்காக ஒரு வாசகத்தை ஆட்டத்தின் நடுவே காட்டியதால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். ஒலிம்பிக் விதி 50 இப்படிப்பட்ட வெளிப்பாட்டைப் போட்டி நேரத்திலும், பதக்க மேடை போன்ற விழாக்களிலும், ஒலிம்பிக் கிராமத்திலும் கறாராகத் தடுக்கிறது. பேட்டியில் பேச இடம் விடுகிறது.

பேட்டிதான் உங்களுக்குச் சறுக்கும் இடம். ஓடி முடித்து மூச்சு வாங்கும்போது மைக் நீட்டி, "போலீஸ் மேல நம்பிக்கை இருக்கா?" என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் யோசிக்க வராது. முன்கூட்டியே ஒரு வரி மனப்பாடமாக இருக்க வேண்டும். "நான் எழுதினதுக்கு மேல சொல்ல எதுவும் இல்லை, இன்னிக்கு ஓட்டத்தைப் பத்திக் கேளுங்க." ஒரு தோழியை மைக் பிடிக்கச் சொல்லி, ஒரு 300 மீட்டர் ஓடிவிட்டு மூச்சிரைக்கும்போதே பத்துத் தடவை சொல்லிப் பாருங்கள். அறையில் உட்கார்ந்து பழகினால் வராது.

தூக்கத்துக்கு: இரவு 9 மணிக்கு மேல் போன் அறைக்கு வெளியே. உங்கள் போட்டியில் தடைக்குத் தடை 35 மீட்டர். தூக்கம் கெட்ட உடம்பில் காலடிக் கணக்கு ஏழாவது, எட்டாவது தடையருகே குழம்புவதை உங்கள் கோச் சாரே கவனித்திருப்பார். அவரிடம் இந்தத் திட்டத்தைக் காட்டிவிடுங்கள். "பேசட்டுமா?" என்று அனுமதி கேட்க வேண்டாம், "செவ்வாய்க்கிழமை போடுறேன் சார், புதன் ப்ராக்டிஸுக்கு வந்திடுவேன்" என்றால் போதும்.

விழாவுக்கு அனுமதி இல்லை என்பதை அலுவலகத்தில் எழுத்திலும் வாங்கிவிடுங்கள். விளையாட்டுப் பிரிவு அதிகாரிக்கு ஒரு கடிதம், நகலில் தேதியுடன் சீல். நாளைக்குச் சங்கத்துக்காரர்கள் "அவங்க வர்றேன்னு சொன்னாங்க" என்றால் காட்டுவதற்கு உங்கள் கையில் அது இருக்கும்.