கோப்பைக்கு அடியில் கடைசியாக எதை வைப்பது?

கேள்வி: மூன்று கோப்பை, மூன்று சிறு பந்து வித்தையை ஓரளவு சரளமாகச் செய்கிறேன். முடிவில் மூன்று கோப்பைக்கும் அடியிலிருந்து எலுமிச்சம்பழம் வரும். கை தட்டுகிறார்கள், ஆனால் ஆடிப்போவதில்லை. இன்னும் பெரிய பழமாக வைக்கலாமா, அல்லது வேறு ஏதாவது வைக்கலாமா?

பதில்: எலுமிச்சை மேல் குற்றமே இல்லை. மூன்று இடத்திலும் அதுவே வருவதுதான் சிக்கல். முதல் பழம் திடுக்கிட வைக்கும். இரண்டாவது கோப்பையில் கை வைக்கும்போதே "அங்கேயும் பழம்தான்" என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். மூன்றாவதைத் தூக்கும்போது அவர் பழத்தைப் பார்ப்பதில்லை, "எப்போது உள்ளே வைத்தான்?" என்று யோசிக்கத் தொடங்கியிருப்பார். முதலாம் நூற்றாண்டிலேயே ரோமானியத் தத்துவஞானி செனெக்கா இந்த வித்தையைத் தன் கடிதமொன்றில் தொட்டுப் பேசுகிறார்: ஏமாறுவதுதான் சுகம், செய்முறையைக் காட்டிவிட்டால் எனக்கு அதில் நாட்டமில்லை என்று. பெரிய பழத்தால் வரும் ஆபத்தும் அதுவே. பொருள் பெரிதாக ஆக, சட்டைப்பை புடைக்கும், கை விறைக்கும். வித்தையைவிட வழிதான் முதலில் கண்ணில் படும்.

அதனால் அளவிலிருந்து தொடங்குங்கள். உங்கள் கோப்பையின் வாயை உள்பக்கமாக அளந்து, அதைவிட அரை சென்டிமீட்டராவது சிறிய பொருளைத் தேடுங்கள். கோல்ஃப் பந்து சுமார் 4.3 செ.மீ. விட்டம், ஸ்னூக்கர் பந்து சுமார் 5.25, டென்னிஸ் பந்து 6.5-க்குச் சற்று மேல். கிரிக்கெட் பந்து 7-ஐத் தாண்டும் என்பதால் பெரும்பாலான கோப்பைகளுக்கு ஆகாது. எண்களை மட்டும் நம்பாதீர்கள், கையில் எடுத்துப் பாருங்கள். விரல்களை மடக்கிப் பிடித்தபடி அதே கையால் கோப்பையை இயல்பாகத் தூக்க முடிகிறதா? முடியவில்லையென்றால் அந்தப் பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

டென்னிஸ் பந்து அமுங்கும், கோப்பைக்குள் லேசாகச் சிக்கி நிற்கும். இது வசதிதான்: கோப்பையை மேசையிலிருந்து உயர்த்தி வேறிடத்தில் வைத்தாலும் விழாது, உள்ளே ஒன்றுமில்லை என்றே தோன்றும். ஆனால் வெளிப்படுத்தும் நேரத்தில் மேலே ஒரு தட்டு தட்டித்தான் இறக்க வேண்டும். எலுமிச்சை வாங்கும்போது இரு முனையும் கூர்ந்திருப்பதைத் தவிருங்கள். கூரான பழம் சாய்ந்து விழுந்து, விளிம்பில் இடித்துச் சத்தம் போடும். இரும்பு உருண்டையோ ஸ்னூக்கர் பந்தோ என்றால் தடித்த விரிப்பு கட்டாயம் வேண்டும். வெறும் மேசையில் 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. அதே பந்தை வெளிப்படுத்திய பிறகு, விரிப்புக்கு வெளியே நீங்களே வேண்டுமென்று தட்டிக் காட்டுங்கள். அந்தச் சத்தம் கேட்டதும் அதன் கனம் எல்லோருக்கும் உறைக்கும்.

இனி, எதை வைப்பது. பார்ப்பவர் முன்பே கண்டு, மறந்துபோன ஒன்று திரும்பி வருவதுதான் எனக்குத் தெரிந்து மிக வலிமையான முடிவு. டச்சு மாயவித்தைக் கலைஞர் டாமி வொண்டரின் இரண்டு கோப்பை வித்தையைப் பாருங்கள். ஆரம்பத்தில் ஓரமாகப் போன பையே கடைசியில் கோப்பைக்கு அடியிலிருந்து வரும். அதில் பருமன் பெரிதில்லை. "அது இங்கே இருக்க வாய்ப்பே இல்லையே" என்பதுதான் அடி. உயிருள்ள கோழிக்குஞ்சுகளை வரவழைத்த ஜானி ஏஸ் பாமர் 1988-இல் மாயவித்தைக் கலைஞர்களுக்கான ஃபிஸ்ம் உலகப் போட்டியின் கிராண்ட் ப்ரீ பரிசை வென்றார். அதைப் பார்த்துவிட்டு நீங்களும் உயிரினம் தேடிப் போக வேண்டாம். மூச்சு முட்டும், வெப்பம் தாக்கும், குஞ்சு பயப்படும். ஒரு கைதட்டலுக்காக அப்படி வதைப்பதை நான் ஏற்க மாட்டேன்.

உங்கள் வித்தைக்கு நான் சொல்வது இது. தொடக்கத்தில் மூன்று சிவப்புப் பந்துகளையும் ஒரு சின்னத் துணிப்பையிலிருந்து கொட்டுங்கள். பையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் சட்டைப்பைக்குள் போட்டுவிடுங்கள். முடிவில் முதல் கோப்பையில் எலுமிச்சை வரட்டும். இரண்டாவதில் பெரிய சிவப்பு ஸ்னூக்கர் பந்து. இதுவரை விளையாடிய சின்னப் பந்தே வளர்ந்துவிட்டது போலத் தோன்றும். நடுக் கோப்பையை கடைசிக்கு வைத்து, அதில் அந்தத் துணிப்பை, அதற்குள் மூன்று சின்னப் பந்துகள். இதற்கு அச்சு அசலான இன்னொரு பையும் பந்துகளும் தேவை. தைக்கும்போதே ஒரே துணியில் இரண்டாகத் தைத்துக்கொள்ளுங்கள். துணி சத்தம் போடாது, எந்தக் கோப்பைக்கும் அடங்கும், கையில் மறைப்பதும் எளிது. பெரிய பந்தைவிட இந்தப் பைதான் அதிகம் பேசப்படும்.

உள்ளே வைக்கும் நேரத்தையும் பொருளோடு சேர்த்தே தீர்மானியுங்கள். கனமானதை முதலிலேயே, சின்னப் பந்தைச் சட்டைப்பையில் போடும் சாக்கில் கை உள்ளே போய்வரும்போது ஏற்றிவிடுங்கள். துணிப்பையை எலுமிச்சை வெளிப்பட்டு எல்லோரும் சிரிக்கும் அந்த நொடியில் ஏற்றலாம். அப்போது யாரும் உங்கள் கையைப் பார்ப்பதில்லை. நீங்களும் பார்க்கக் கூடாது, பழத்தையே பாருங்கள். முகம் பார்க்கும் கண்ணாடி முன் பழகினால் இது பிடிபடாது, உங்கள் கண் தானாகக் கைக்குப் போய்விடும். எதிரே கைபேசியை வைத்து வீடியோ எடுத்து, பார்வை எங்கே தாவுகிறது என்று பாருங்கள்.

கடைசிக் கோப்பையைத் தூக்கிய பிறகு எதுவும் பேசாதீர்கள். கையை விலக்கி, கோப்பையைக் கவிழ்க்காமல் அதன் வாய்ப்பக்கம் அவர்களுக்குத் தெரியும்படி பக்கத்தில் சாய்த்து வையுங்கள். பையை நீங்கள் திறக்க வேண்டாம், எதிரே இருப்பவரிடம் நீட்டுங்கள்.