பிறவிக் கோளாறு உள்ள ஆம்ப்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: புதிதாக வாங்கிய கிட்டார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்). பெட்டி பிரித்த நாளிலிருந்தே கேபிளை லேசாக அசைத்தால் சத்தம் போய்ப் போய் வருகிறது. கேபிளை மாற்றியும் பார்த்துவிட்டேன். கடைக்காரர் கிட்டார்மேல் பழி போடுகிறார். (திண்டுக்கல்)

பதில்: கிட்டாரைக் கழற்றி வைத்துவிடுங்கள். கேபிளின் ஒரு முனையை ஆம்பில் சொருகி, வால்யூமைக் குறைவாக வைத்து, மறுமுனையின் நுனியை விரலால் தொடுங்கள். 'உர்ர்' என்று வரும். அப்படியே ஆம்ப் பக்கத்து பிளக்கை மேலும் கீழும் மெல்ல அசையுங்கள். சத்தம் அறுந்தால் கோளாறு இன்புட் ஜாக்கில்தான் (கேபிள் சொருகும் துளை). இதை மொபைலில் வீடியோ எடுத்து, கடைக்காரருக்கு எழுத்துமூலம் புகார் கொடுங்கள். வாரண்டி இருக்கும்வரை ஆம்பைத் திறக்க வேண்டாம். கடைக்காரர் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

வாரண்டி முடிந்தவர்களுக்கு: இன்றைய ஆம்ப்கள் பலவற்றில் ஜாக்கை நேரடியாக சர்க்யூட் போர்டில்தான் சால்டர் செய்கிறார்கள் (பற்றவைக்கிறார்கள்). வெளியே உள்ள நட்டு தளர்ந்தால் பிளக்கின் மொத்த நெம்பு விசையும் சால்டர்மேல் இறங்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஜாக்கின் காலைச் சுற்றி முடி போல ஒரு கரு வளையம் தெரியும். அதுதான் விரிசல். அதன்மேல் புது சால்டரை அப்பினால் சில மாதம் தாங்கும், அவ்வளவுதான். பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டு 63/37 ஈயச் சால்டர் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்) போடுங்கள். ஈயமில்லாத சால்டர் 217 டிகிரியில் உருகும், இது 183-லேயே உருகிவிடும். சால்டரிங் அயர்ன் நுனி 340 டிகிரி இருந்தால் போதும். வேலை முடிந்ததும் நட்டை இறுக்க மறக்காதீர்கள். அது தளர்ந்ததால் வந்த வினைதான் இது.

அசைக்காமலே சத்தம் மங்கினால் அது வேறு சங்கதி. பின்பக்கம் எஃபெக்ட் பெடலை இணைப்பதற்கான சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஜாக் இருந்தால் ஒரு சின்ன கேபிளால் இரண்டையும் இணையுங்கள். சத்தம் முழுசாகத் திரும்பினால் ரிட்டர்ன் ஜாக்குக்குள் இருக்கும் ஸ்விட்ச் தகட்டில் களிம்பு பிடித்திருக்கிறது என்று அர்த்தம். கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்து, பிளக்கைப் பத்துப் பதினைந்து தடவை சொருகி எடுங்கள்.

கேள்வி: என் சிறிய ஆம்பில் சத்தத்தைப் பெருக்கும் சிப்பான டிடிஏ 2050 ஐசி இதுவரை 3 தடவை எரிந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் புது ஐசி வாங்கித்தான் போட்டோம். (சென்னை)

பதில்: ஒரே பாகம் ஒரே இடத்தில் 3 தடவை செத்தால், அதைக் கொல்லும் காரணத்தைத் தேட வேண்டும். நான்காவது ஐசி வாங்குவதில் பிரயோஜனமில்லை.

முதல் சந்தேகம் ஐசி மேலேயே. டிடிஏ 2030-க்கும் 2050-க்கும் உருவமும் 5 கால்களும் ஒன்றுதான். 2030 தாங்குவது பிளஸ் மைனஸ் 18 வோல்ட், 2050 தாங்குவது பிளஸ் மைனஸ் 25 வோல்ட். பழைய எழுத்தை அழித்துவிட்டு 2050 என்று அச்சடித்த 2030 சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. உங்கள் போர்டில் 22 வோல்ட் ஓடினால் அது பிழைக்காது. இதற்குப் பதிலாக எல்எம் 1875 போடலாம். கால்கள் அதே வரிசைதான், இரு பக்கமும் சேர்த்து 60 வோல்ட், அதாவது பிளஸ் மைனஸ் 30 தாங்கும். 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் நிம்மதியாக ஓடும்.

இரண்டாவது, ஐசியின் சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்க். இந்த ஐசியின் முதுகுத் தகடு உள்ளே மைனஸ் சப்ளையோடு சேர்ந்திருக்கிறது. இடையில் மின்சாரம் கடத்தாத மைக்கா தகடு இல்லாவிட்டாலோ, அதில் ஊசித்துளை இருந்தாலோ மைனஸ் சப்ளை ஆம்பின் உலோகச் சட்டமான சேஸிஸில் ஷார்ட் ஆகும். பொருத்திய பிறகு தகட்டுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே மீட்டர் 'பீப்' அடிக்கக் கூடாது. சூடு கடத்தும் பேஸ்ட் தடவாமலோ, ஸ்குரூவை முழுசாக இறுக்காமலோ பேக்டரியை விட்டு வந்த பீஸும் உண்டு. பேஸ்ட் மெல்லிய படலமாக இருந்தால் போதும், தோசைக்கு நெய் ஊற்றுவது போல் ஊற்ற வேண்டியதில்லை.

மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை. ஐசியின் அவுட்புட் காலிலிருந்து கிரவுண்டுக்கு 2.2 ஓம் ரெசிஸ்டரும் 0.47 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரும் வரிசையாக நிற்கும். அந்த ரெசிஸ்டர் கருகியிருந்தால், காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் ஐசி ஊளையிட்டுக்கொண்டே சூடாகிறது. இரண்டையும் மாற்றுங்கள்.

புது ஐசி போடுமுன் அது இல்லாமலே கரண்ட் கொடுத்து பிளஸ், மைனஸ் இரண்டும் சமமாக வருகிறதா என்று அளங்கள். பிறகு ஆம்பை அணைத்து, ஐசியைப் பொருத்தி, சீரிஸ் பல்ப் போர்டு (மின்வழியில் ஒரு பல்பைத் தொடராக இணைத்த போர்டு) வழியாக ஆன் செய்யுங்கள். 60 அல்லது 100 வாட் குண்டு பல்புதான் வேண்டும், எல்இடி உதவாது. பல்ப் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் எங்கோ ஷார்ட், உடனே அணையுங்கள். மங்கியதும் ஸ்பீக்கரை மாட்டாமல் அவுட்புட்டில் டிசி வோல்ட் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 15, 20 வோல்ட் காட்டும் ஆம்பில் ஸ்பீக்கரை மாட்டினால் அதன் உள்ளிருக்கும் கம்பிச் சுருள் (காயில்) கருகிவிடும். ஸ்பீக்கர் இல்லாமல் ஆன் செய்வது ஐசி ஆம்பில் மட்டும். வால்வ் (கண்ணாடிக் குழாய்) ஆம்பில் அப்படிச் செய்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

கேள்வி: ஆம்பில் எப்போதும் இரைச்சல். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னைக் கழற்றினால் நின்றுவிடுகிறது. அப்படியே வாசிக்கலாமா? (மதுரை)

பதில்: கூடாது. கிட்டார் கம்பிகள் கேபிள் வழியாக ஆம்பின் சேஸிஸோடு இணைந்தவை. உள்ளே ஒரு வயர் சேஸிஸில் பட்டால் 230 வோல்ட்டும் உங்கள் விரலுக்கு வரும். 1972-ல் பிரிட்டனின் ஸ்வான்சீ நகர மேடையில் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார்.

இரைச்சலின் சுருதியைக் கேட்டு ஆளைப் பிடிக்கலாம். ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃபிரெட்டை அழுத்தி மீட்டுங்கள். அது 98 ஹெர்ட்ஸ். இரைச்சல் ஏறக்குறைய அதே சுருதியில், வால்யூமை 0-வில் வைத்தாலும் கேட்டால் அது 100 ஹெர்ட்ஸ். பெரும்பாலும் சப்ளையைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டர் காய்ந்துவிட்டது. அதற்கு ஒரு ஸ்தாயி கீழே கேட்டால் 50 ஹெர்ட்ஸ், எர்த் அல்லது கேபிள் கோளாறு. உங்களுடையது இந்த இரண்டாவது ரகமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மிக்சரோ பெடலோ வேறு சுவர் பாயிண்ட்டில் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே போர்டுக்குக் கொண்டு வாருங்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் போனால் வீட்டு எர்த்தைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

கேள்வி: பழைய ஃபெண்டர் ஹாட் ராட் டீலக்ஸ் வால்வ் ஆம்ப் ஒன்று விலைக்கு வருகிறது. உள்ளே இரண்டு ரெசிஸ்டருக்கு அடியில் போர்டு கருகியிருக்கிறது. 'எல்லா பீஸும் இப்படித்தான்' என்கிறார் விற்பவர். (கோவை)

பதில்: சொன்னது பாதி உண்மை. அவை ஆர்78, ஆர்79. 470 ஓம், 5 வாட். சேனல் மாற்றும் ரிலேக்கும் ரிவர்ப் (எதிரொலி) பகுதிக்கும் வேண்டிய குறைந்த வோல்ட் இவை வழியாகத்தான் இறங்குகிறது. சூடாவது இவற்றின் தொழில். போர்டோடு ஒட்டி உட்கார்ந்திருப்பதுதான் பிழை. சூடேறி ஆறி, ஏறி ஆறி, ஒரு நாள் சால்டர் விடும். அன்றைக்கு சேனல் மாறாது, ரிவர்ப் வராது. நல்ல நிலையில் ஓடும் பீஸில்கூட இதைச் செய்துவிடுவது புத்திசாலித்தனம்: புது ரெசிஸ்டரைப் போர்டிலிருந்து 8 முதல் 10 மில்லிமீட்டர் தூக்கி வைத்து சால்டர் செய்யுங்கள். கருகிய இடத்தைச் சுரண்டி எடுங்கள், கரி மின்சாரம் கடத்தும்.

பெரிய ஃபில்டர் கெபாசிட்டர்களையும் பாருங்கள். தலை உப்பியிருந்தாலோ, காலடியில் பிசின் போல் கசிந்திருந்தாலோ எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். அதே மைக்ரோ ஃபாரட், அதே வோல்ட் அல்லது கூடுதல், 105 டிகிரி ரகம். இவற்றுக்கான செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

தொடும் முன் ஒரு எச்சரிக்கை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரின் இரண்டு முனையிலும் உறை போட்ட வயர் சால்டர் செய்து, பிளஸுக்கும் சேஸிஸுக்கும் நடுவே 10 வினாடி பிடியுங்கள். ஒரு கையால் மட்டும். மீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைப் பார்த்த பிறகே விரல் வைக்கலாம்.

கேள்வி: மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த 120 வோல்ட் ஆம்பை நேராகச் சுவரில் சொருகிவிட்டேன். 'டப்' என்றது. போச்சா? (நாகர்கோவில்)

பதில்: ஃபியூஸ் போனதோடு தப்பித்திருக்கலாம். மெயின்ஸ் வரும் இடத்தில் வட்ட வில்லை போன்ற வாரிஸ்டர் வெடித்திருந்தால் நல்ல சகுனம், அது தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றியிருக்கிறது. வாரிஸ்டரை மாற்றி, டயோடுகளை அளந்து, அதே அளவு ஃபியூஸ் போட்டு, சீரிஸ் பல்ப் வழியாகச் சோதியுங்கள். சீரிஸ் போர்டு சுவருக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மருக்கும் நடுவே இருக்கட்டும்.

ஸ்டெப் டவுன் வாங்கும்போது, ஆம்பின் முதுகில் போட்டிருக்கும் வாட்டைப்போல் ஒன்றரை மடங்காவது வேண்டும். எர்த் உள்ளிருந்து வெளியே தொடர்ந்து வருகிறதா என்று மீட்டரில் பாருங்கள், மலிவானவற்றில் அது வராது. லேபிளில் 60 ஹெர்ட்ஸ் மட்டும் இருந்தால், நம் 50 ஹெர்ட்ஸில் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் 20 சதவீதம் ஏறி, கொஞ்சம் கூடுதலாகச் சுடும்.

கேள்வி: 'டெட் பீஸ்' என்று ஒரே மாடலில் 3 ஆம்ப் மொத்தமாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (ஈரோடு)

பதில்: மூன்றும் ஒரே விதமாகச் செத்திருந்தால் தைரியமாக வாங்கலாம். அது பேக்டரியில் நேர்ந்த பிழை, ஒன்றில் கண்டுபிடித்தால் மற்ற இரண்டுக்கும் அரை மணி நேர வேலை. ஆளுக்கொரு நோய் என்றால் யாரோ ஏற்கெனவே கை வைத்துப் பார்த்த சரக்கு.

மீட்டரும் ஒரு பேட்டரி செல்லும் கொண்டு போங்கள். ஸ்பீக்கர் வயரைக் கழற்றி அளந்தால் 8 ஓம் ஸ்பீக்கர் 6 முதல் 7 வரை காட்டும். 1.5 வோல்ட் செல்லைத் தொட்டு எடுத்தால் ஸ்பீக்கரின் கூம்பு (கோன்) 'டக்' என்று நகர வேண்டும். கோனை இரு கைகளாலும் சமமாக அழுத்துங்கள், உரசல் கேட்டால் சுருள் (காயில்) கெட்டது. சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்பில், சுவரில் சொருகாத பிளக்கின் இரண்டு மெயின் பின்களுக்கு நடுவே, ஸ்விட்சை ஆன் செய்து அளங்கள். சில ஓம் முதல் சில பத்து ஓம் வரை காட்டினால் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி (மெயின்ஸ் நுழையும் சுருள்) நன்றாக இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர், பெட்டி, இந்த மூன்றின் மதிப்புக்கு மேல் ஒரு ரூபாயும் தராதீர்கள். வெள்ளத்தில் நனைந்ததும், திரை எரியாத டிஜிட்டல் மாடலிங் ஆம்பும் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கேள்வி: வால்யூமைத் திருகினால் கரகர என்கிறது. (தஞ்சாவூர்)

பதில்: கான்டாக்ட் கிளீனரை வால்யூம் கண்ட்ரோலின் இடுக்கில் அடித்து இருபது தடவை திருகுங்கள். ஒரு வாரத்தில் மறுபடி கரகரத்தால் அந்தக் கண்ட்ரோலில் டிசி ஏறுகிறது. அதற்கு முன்னால் டிசியைத் தடுக்க வேண்டிய கப்ளிங் கெபாசிட்டரை மாற்றுங்கள்.