கணவர் உயிரோடு வந்தால் அவள் எப்படி விதவை?

வணக்கம். நீங்கள் தமிழாக்கும் துருக்கிக் கதையின் நாயகியை மூலத்தில் ‘துல்’ என்கிறார்கள், ஆங்கில மொழிபெயர்ப்பில் ‘விடோ’ என்றிருக்கிறது, நீங்களும் விதவை என்று எழுதிவிட்டீர்கள். கடைசியில் அவள் கணவரே வந்து கதவைத் தட்டுகிறார் என்று குழம்பியிருக்கிறீர்கள்.

கதாசிரியர் மேல் தப்பில்லைங்க. துருக்கியில் துணையை இழந்தவரும் துல்தான், விவாகரத்து ஆனவரும் துல்தான். ஆண், பெண் வித்தியாசம்கூட அந்தச் சொல்லில் கிடையாது. விவாகரத்தை மட்டும் சொல்ல ‘பொஷன்மிஷ்’ என்று தனியாக உண்டு.

ஆங்கில விடோ அப்படியில்லை. கணவன் இறந்திருக்க வேண்டும். ஆணென்றால் விடோயர். ஆனால் புருஷன் எந்நேரமும் கோல்ஃப் மைதானத்தில் கிடந்தால் மனைவியைக் ‘கோல்ஃப் விடோ’ என்பார்கள். பக்க வடிவமைப்பில், பத்தியின் கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்தின் தலையில் தனியாக நின்றால் அதுவும் விடோ.

‘விவாகரத்தானவள்’ என்று முதலிலேயே போடாதீர்கள். அக்கம்பக்கத்தார் வாயில் துல் என்று வரும்போது, கணவர் இறந்தாரா, பிரிந்தாரா என்று மூலத்தின் வாசகருக்கு இருக்கும் சந்தேகம் தமிழில் இல்லாமல் போய்விடும். ‘கணவன் துணையில்லாதவள்’ என்றால் இரண்டுக்கும் பொருந்தும். ‘வாழாவெட்டி’ மட்டும் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள குத்தல் துல் என்ற சொல்லில் இல்லை.

அப்புறம், கதையில் ‘கரதுல்’ வந்தால் பதறாதீர்கள். அது கருப்பு விதவைச் சிலந்தி. அங்கே விதவை என்றே விடலாம்.