உங்கள் அம்மாவின் இரக்க குணத்தை எப்போது நேரில் பார்த்தீர்கள்?

அம்மா போன வருடம் காலமானாள். தெய்வம், தியாகி என்றெல்லாம் எழுத எனக்கு வரவில்லை. கோபக்காரி, வெற்றிலை போடுவாள், புதுப்படம் வந்தால் பக்கத்து வீட்டு அத்தையையும் இழுத்துக்கொண்டு கோவில்பட்டிக்குப் பஸ் ஏறிவிடுவாள். அவளுடைய இரக்கத்தை நான் பார்த்தது சத்துணவுக் கூடத்தில்.

அப்பா இறந்தபோது நான் கைக்குழந்தை. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். கணவனை இழந்தவர்களுக்கு வேலையில் முன்னுரிமை என்றார்கள். அப்படித்தான் எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் அம்மா சமையல் உதவியாளர் ஆனாள். சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி கிடையாது. ராத்திரியில் தீப்பெட்டி ஒட்டித்தான் மீதிச் செலவைச் சமாளித்தாள்.

தொடக்கத்தில் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும்தான் சாப்பாடு. 15 வயது வரை என்று ஆனது 1984-இல்தான். அதுவரை ஆறாவது, ஏழாவது படித்த பிள்ளைகள் குழம்பு வாசத்தைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்களாம். அம்மா தன் பங்குச் சோற்றை அவர்களில் யாருக்காவது கொடுத்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன கம்பங்கஞ்சியைக் குடிப்பாள். இது அவள் சொல்லி எனக்குத் தெரிந்ததல்ல, அப்படிச் சாப்பிட்ட அண்ணன் ஒருவர் சொன்னது.

நானே பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் அப்போது தீப்பெட்டி ஆபீஸ் (தொழிற்சாலை) வண்டி விடியும் முன்பே வந்து பிள்ளைகளை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போகும். வண்டியைத் தவறவிட்ட பிள்ளைகள் பத்து மணிக்கு மேல் பள்ளிக்கூடத்துக்கு வருவார்கள். அதற்குள் வருகைக் கணக்கு எடுத்து, அதன்படி அரிசியும் அளந்து கொடுத்திருப்பார்கள். அம்மா வெளியே எட்டிப் பார்த்துத் தலைகளை எண்ணிவிட்டு, பேசாமல் எல்லோருக்கும் அரைக் கரண்டி குறைத்துப் போடுவாள். அதை ஈடுகட்ட எங்கள் வீட்டு முருங்கைக்கீரை சாம்பாரில் விழும். “ஏலே, தட்டக் கொண்டா” என்று எல்லோரையும் அதட்டுகிற அதே குரலில்தான் அந்தப் பிள்ளைகளையும் கூப்பிடுவாள். பாவம் பார்த்துக் கூப்பிட்டால் அதுகள் வராது என்பது அவள் கணக்கு.

1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை போட ஆரம்பித்தார்கள். என் வகுப்புப் பையன் ஒருவன் முட்டையைச் சாப்பிடாமல் டவுசர் பையில் போட்டுக்கொண்டு மாட்டிக்கொண்டான். வீட்டில் பள்ளிக்கூடம் போகாத தங்கச்சி இருந்தாள். அங்கேயே தின்ன வேண்டும் என்பது விதி; சார் பிரம்பை எடுத்துவிட்டார். அம்மா அவனை அடுப்படிக்குக் கூட்டிப்போய், சேலை ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, அந்த முட்டையைச் சுற்றிப் போட்டு இழுத்தாள். மஞ்சள் கரு உதிராமல் சரிபாதியாக அறுந்தது. பாதியை அவள் கண்முன்னே தின்ன வேண்டும், பாதியைப் பழைய நோட்டுத் தாளில் மடித்து வீட்டுக்கு. அடுத்தடுத்த முட்டை நாட்களிலும் அது நடந்தது. சார் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார், அவரும் நல்ல மனுஷன்தான்.

நான் அவள் பிள்ளை என்பதால் கூடுதலாக ஒரு கரண்டி விழுந்ததே இல்லை, அதில் எனக்கு அப்போது வருத்தம்தான். அப்புறம், அரிசி மூட்டை வந்தால் கையை உள்ளே விட்டுப் பார்ப்பாள். புழு இருந்தால் அன்றைக்குச் சத்துணவு அமைப்பாளர் பாடு அவ்வளவுதான்.

2023-இல் எங்கள் ஊருக்கும் காலை உணவுத் திட்டம் வந்தது. உப்புமா, பொங்கல், கிச்சடி என்று நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், “அப்ப விடிகாலையிலயே அடுப்புப் பத்த வைக்கணுமே, சமைக்கிறவ பிள்ளைய யாரு கிளப்பி விடுவா?” என்றாள். சுயஉதவிக் குழுப் பெண்கள்தான் சமைக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகளும் அதே பள்ளியில்தான் படிக்கிறார்கள், அங்கேயே சாப்பிட்டுக்கொள்ளும் என்றேன்.

“அப்பச் சரி” என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்தாள்.