வைஹெகேயில் ஈட்டியோடு கடலில் இறங்கும் முன்

தம்பி, நியூசிலாந்தின் வைஹெகே தீவுக்குப் புதிதாக வந்த நீங்கள் வாடகை, குளிர், வண்டி, நம் ஊர் சாமான் என்று ஒரு பட்டியலே கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் ஒன்று: "திராட்சைத் தோட்டத்து ஓட்டலில் சமையல் வேலை. கூட வேலை செய்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஈட்டி மீன்பிடிக்கக் கூப்பிடுகிறார்கள். நான் கீழக்கரைப் பக்கம், சங்கு குளிக்கிற குடும்பம், மூச்சடக்குவது புதிதில்லை. போகலாமா? மிச்ச மீனை விற்றுக்கொள்ளலாமா?" எனக்கு அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். மற்றதையெல்லாம் எப்படியும் சமாளித்துவிடுவீர்கள்.

அதனால் அவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். வைஹெகேயில் வாடகை அதிகம். கோடை வந்தால் விடுமுறைக்காரர்களுக்கு விடலாம் என்று உங்களைக் காலி செய்யச் சொல்வார்கள், எதையும் எழுத்தில் வாங்குங்கள். வீட்டுத் தண்ணீர் கூரையிலிருந்து தொட்டியில் விழும் மழைத் தண்ணீர், பார்த்துச் செலவழியுங்கள். கறிவேப்பிலைக்கும் இட்லி அரிசிக்கும் ஃபெரி ஏறி 40 நிமிடம் ஆக்லாந்து, அங்கிருந்து சாண்ட்ரிங்ஹாம் ரோடு. அவ்வளவுதான்.

இப்போது மீன். விற்கக் கூடாது. ஒரு மீன்கூட. பணத்துக்கு மட்டுமல்ல, ஒரு பாட்டில் ஒயினுக்கோ ஒரு வார வாடகைக்கோ மாற்றிக்கொள்வதும் 1996-ஆம் வருட மீன்வளச் சட்டப்படி குற்றம். பொழுதுபோக்காகப் பிடித்த மீன் உங்கள் தட்டுக்கும் நண்பர்கள் தட்டுக்கும் மட்டுமே. பெரிய வழக்காகப் போனால் அபராதம் 2,50,000 டாலர் வரைக்கும் இருக்கிறது, கார், படகு எல்லாம் பறிமுதல். நீங்கள் சமையலறையில் வேலை செய்வதால் இதைக் கூடுதலாகச் சொல்கிறேன். யாராவது ஒருவர், "பின்வாசல் வழியாக நாலு கிரேஃபிஷ் (நம் ஊர் சிங்கி இறால் மாதிரி) கொண்டுவா, கையில் காசு தருகிறேன்" என்பார். நான் வந்த புதிதில் வேலை பார்த்த இடத்திலும் ஒருவர் கேட்டார். சம்பளத்தைப் பாதியாகப் பிடித்துவைத்துக்கொண்டு, மீதியை இப்படிச் சம்பாதித்துக்கொள் என்கிற மாதிரி கேட்டார். நான் மறுத்தேன், அடுத்த மாதம் வேறு வேலை தேடிக்கொண்டேன். நிரந்தர வசிப்புரிமை கேட்கும்போது குற்றத் தீர்ப்பு ஒன்று இருந்தால் நன்னடத்தைக் கட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். நாலு கிரேஃபிஷுக்காக அதைப் பணயம் வைக்காதீர்கள்.

இந்த விஷயத்தில் நம் ஆட்கள் மேல் எனக்குப் பெரிய வருத்தம் உண்டு. நம்மவர், பிற ஆசியர், பசிபிக் தீவுக்காரர் என்று எல்லாரிலும் ஒரு கூட்டம் இருக்கிறது. வற்று நீரில் வாளியோடு வந்து, கையில் அகப்பட்ட சிப்பி, நத்தை, விரல்நீள மீன் என்று பாறையைச் சுரண்டிக்கொண்டு போவார்கள். கேட்டால் "யார் பார்க்கிறார்கள்?" என்பார்கள். மீன்வள அதிகாரி பார்ப்பார். பையையும் வண்டியையும் திறந்து பார்க்க அவருக்கு அதிகாரம் உண்டு. அவரை விடுங்கள், மலைமேல் வீட்டு ஜன்னலில் உட்கார்ந்திருக்கிற கிழவி பார்ப்பாள். இது சின்னத் தீவு. ஒருவன் அள்ளிப்போனால் அடுத்த வருடம் வருகிற பழுப்புத் தோல்காரன் அத்தனை பேரையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். அந்தப் பார்வையை நான் பல வருடம் சுமந்தேன்.

தீவைச் சுற்றி இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2021 ஜனவரியில் ங்ஹாட்டி பாவோவா என்ற மாவோரி இனக்குழு இங்கே ராஹுயி விதித்தது. கடல் தேறட்டும் என்று கையை எடுத்துக்கொள்ளும் மரபுத் தடை அது. ஸ்காலப் சிப்பி, பச்சைச் சிப்பி, கிரேஃபிஷ், பாவா என்கிற கடல் நத்தை நான்கையும் தொடக்கூடாது என்றார்கள், அந்த டிசம்பரில் அரசும் அதைச் சட்டமாக்கியது. தே மாடுக்கு விரிகுடா 2005 முதல் கடல் காப்பகம், அங்கே எதையுமே எடுக்க முடியாது. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். அரசின் மீன்பிடி விதிச் செயலியைப் போனில் இறக்கிக்கொண்டு, இறங்குகிற அன்று காலையில் திறந்து பாருங்கள். போன வருடம் சரியாக இருந்தது என்பது பதில் ஆகாது.

அடுத்தது மூச்சு. இதைத்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும்.

சங்கு குளிக்கிற குடும்பம் என்பதால்தான் எனக்குப் பயம். நான் தூத்துக்குடிக்காரன். முத்துக்குளி எங்கள் பக்கம் 1961-க்குப் பிறகு நின்றுபோனாலும் பேச்சு நிற்கவில்லை. குளியாளி கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவான், மேலே படகில் ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பான். பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான், தங்கச்சி தாலி அவன் கையில் இருக்கிறது என்பதால் கண்ணயர மாட்டான் என்று சொல்வார்கள். ஊரில் நீங்களும் நானும் கற்றது மூச்சடக்குவதை மட்டும். மேலே ஒருவன் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தான் என்பதை மறந்துவிட்டோம். இங்கே கயிறு கிடையாது. கையில் ஈட்டித் துப்பாக்கி, இடுப்பில் ஈய பெல்ட், முன்னால் பாறைக்குள் நுழைகிற ஒரு பெரிய மீன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மனசு இழுக்கும்.

மயக்கம் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இறங்கும் முன் வேக வேகமாக மூச்சு வாங்கினால் ஆக்சிஜன் பெரிதாகக் கூடாது, கார்பன் டை ஆக்சைடுதான் குறையும். மூச்சு முட்டுகிறது என்று உடம்புக்குச் சொல்வதே அந்த வாயுதான். அது குறைந்துபோனால் எச்சரிக்கை மணி அடிக்காது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே இருக்கிற கொஞ்ச ஆக்சிஜன் போதுமானதாகத் தோன்றும். ஏறும்போது அழுத்தம் பாதியாகும், நுரையீரலில் ஆக்சிஜனின் அழுத்தமும் சரியும், மேலே வந்து சேர்கிற கடைசி சில மீட்டரில் விளக்கை அணைத்த மாதிரி நினைவு போய்விடும். வலி கிடையாது, முன்னறிவிப்பு கிடையாது. சில பேர் மேலே வந்து ஒரு மூச்சு இழுத்த பிறகுகூட மயங்குவார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இளைஞர்களும்தான் இப்படிச் சாகிறார்கள். பயந்தவன் சீக்கிரம் ஏறிவிடுவான்.

ஆகவே ஒருவர் கீழே, ஒருவர் மேலே. இருவரும் ஒரே நேரத்தில் இறங்கக் கூடாது. மேலே இருப்பவர் மீன் தேடக் கூடாது, கீழே போனவரைப் பார்ப்பதுதான் அவர் வேலை. அவர் ஏறிய பிறகும் அரை நிமிடம் முகத்தையே பார்க்க வேண்டும். தண்ணீருக்குள் இருந்த நேரத்தைப் போல குறைந்தது இரண்டு மடங்கு மேலே ஓய்வு. ஈய பெல்ட் ஒரே இழுப்பில் கழல வேண்டும். மூச்சை வெளியே விட்டாலும் மேல்மட்டத்தில் மிதக்கிற அளவுக்குத்தான் எடை. சீக்கிரம் கீழே போகலாம் என்று கூட்டிக்கொள்ளாதீர்கள். உங்களைக் கூப்பிடுகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது "எங்கே மீன் இருக்கிறது?" என்பதல்ல, "என்னை யார் பார்ப்பார்கள்?" என்பது. "எல்லாரும் சுற்றித்தானே இருப்போம்" என்று பதில் வந்தால் அன்று கரையிலேயே உட்கார்ந்துவிடுங்கள்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு மாவோரிக்காரர், பாத்திரம் கழுவுகிற இடத்தில் எனக்குப் பக்கத்தில் நின்றவர். நான் அப்போது ஒரு கராஜில் படுத்திருந்தேன், மூன்று ஸ்வெட்டர் போட்டும் நடுங்குவேன். அவர் தன் பழைய வெட்சூட்டைக் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) கொடுத்து, உள்ளே சோப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டால்தான் வழுக்கிக்கொண்டு ஏறும் என்று காட்டி, பாம் பீச் பக்கம் கூட்டிப்போனார். முதல் நாள் என் கையில் ஈட்டி தரவே இல்லை. மிதவையைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்க்கச் சொன்னார். நாள் முழுக்கப் பார்த்தேன். குளிர்காலத்தில் இங்கே கடல் 14 டிகிரிக்கு இறங்கும், நம் மன்னார் வளைகுடாவில் பிறந்தவனுக்கு அது எலும்பைத் தொடும். ஆனாலும் அன்றுதான் இந்த நாட்டில் ஒரு மனிதர் தன் உயிரை என்னிடம் ஒப்படைத்தார். அதற்குப் பிறகு கராஜ்கூட அவ்வளவு குளிரவில்லை.

கண்ணாடியைப் பற்றி ஒரு விஷயம். முகமூடி வழியே தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். இங்கே ஸ்னாப்பருக்குக் குறைந்தபட்ச நீளம் 30 சென்டிமீட்டர். முகமூடிக்குள் 40 போலத் தெரிகிற மீன் மேலே வந்தால் வெறும் 30. தூண்டிலில் வந்த குட்டியை விட்டுவிடலாம், ஈட்டி பாய்ந்த குட்டியை விட முடியாது. சுடும் முன்பே அளவு கண்ணில் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் சுடாதீர்கள். கிங்ஃபிஷுக்கு 75 சென்டிமீட்டர் (நம் ஊர் வஞ்சிரம் என்று நினைக்காதீர்கள், இது பாரைக்குச் சொந்தக்காரன்). கிரேஃபிஷை ஈட்டியால் குத்தவே கூடாது. சிவப்பு மோக்கி என்று பட்டை போட்ட மீன் ஒன்று பாறையை விட்டு நகராமல் நிற்கும், ஓடாது, அடிக்கச் சுலபம். 50 வயதைத் தாண்டி வாழ்கிற மீன் அது. சட்டம் அனுமதித்தாலும் மரியாதை தெரிந்தவர்கள் தொடுவதில்லை. புதியவன் பெருமையாக ஒரு மோக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தால் யாரும் திட்ட மாட்டார்கள், ஆனால் மறுபடி கூப்பிடவும் மாட்டார்கள்.

அடிபட்ட கிங்ஃபிஷ் கயிற்றோடு பாறையைச் சுற்றி ஓடும், அந்தக் கயிறு உங்கள் காலையும் சுற்றும். கத்தி கை எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். கோடையில் வெண்கலச் சுறாக்கள் வளைகுடாவுக்குள் வரும். பிடித்த மீனை இடுப்பில் கட்டிக்கொள்ளாதீர்கள், மிதவையில் மாட்டுங்கள் அல்லது உடனே படகில் ஏற்றுங்கள். கீழே ஆள் இருக்கிறான் என்று காட்டும் கொடி மிதவையில் இருக்க வேண்டும். கொடி பறக்கிற படகுக்கு 200 மீட்டருக்குள் மற்ற படகுகள் 5 நாட் (மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர்) வேகத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம், ஆனால் சனிக்கிழமை மதியம் குடித்துவிட்டு ஓட்டுகிறவனுக்குச் சட்டம் தெரியாது.

போட்டிக்கும் கூப்பிடுவார்கள். போங்கள், ஆனால் முதல் வருடம் எடை போடுகிற மேஜைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். இருவர் ஜோடி, ஒரு மிதவை, காற்று சிலிண்டர் கிடையாது, ஒரே மூச்சு. பட்டியலில் இருக்கிற இனத்துக்கு ஒரு மீன் என்று எடுப்பார்கள், இனத்துக்கும் புள்ளி, எடைக்கும் புள்ளி. பத்து ஸ்னாப்பர் குவித்தவனைவிட, ஏழு விதமான மீனைத் தேடிக் கண்டுபிடித்தவன் ஜெயிப்பான். பழைய காலம் அப்படி இல்லை. உலகப் போட்டி 1957-ல் யூகோஸ்லாவியாவின் லோஷின் தீவில் தொடங்கியது, 1959-ல் மால்டா, 1965-ல் தாஹிட்டி. அன்றைக்கு மீன் குவியல்தான் பெருமை. தாஹிட்டியில் ஜெயித்த ஆஸ்திரேலியர் ரான் டெய்லர் பிறகு ஈட்டியை வைத்துவிட்டு கேமராவைத் தூக்கினார். இங்குள்ள கிழவர்கள் அந்தக் காலத்துப் படங்களைக் காட்டுவார்கள்: கட்டுமரம் நிறைய மீன் என்போமே, அந்த மாதிரி. அவர்களே சொல்வார்கள், ஹாபுக்கு என்கிற பெரிய மீனை அன்று பாறையோரத்திலேயே பார்க்கலாம் என்று. இன்று அதற்கு ஆழ்கடலுக்குப் போக வேண்டும். ஸ்னாப்பரும் கிரேஃபிஷும் குறைந்ததால் கீனா என்கிற கடல் முள்ளெலி பெருகி, கடற்பாசிக் காட்டை மேய்ந்து பல இடங்களில் பாறையை மொட்டையாக்கிவிட்டது. ஈட்டிக்காரர் மட்டும் காரணமில்லை, வணிக வலையும் பெரிய காரணம். 1975-ல் லீ ஊரில் நாட்டின் முதல் கடல் காப்பகம் வந்தபோது முணுமுணுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அங்கே முகமூடி போட்டுக்கொண்டு பெரிய ஸ்னாப்பரைப் பார்க்கப் போகிறார்கள்.

எடை போட்ட பிறகுதான் எனக்குப் பிடித்த நேரம். மீனை விற்க முடியாதே, எல்லாம் பகிர்வுதான். புகைபோட ஒருவர், ரொட்டி சுட ஒருவர். சதையை வெட்டி எடுத்துவிட்டுத் தலையையும் முள்ளையும் வாளியில் போடுகிற பழக்கம் வெள்ளைக்காரர்களிடம் இருந்தது, பார்க்கவே வயிறெரியும். ஆக்லாந்தில் கை இகா என்ற திட்டம் 2016 முதல் அந்தத் தலைகளைச் சேர்த்து மாவோரி, பசிபிக் குடும்பங்களுக்குக் கொடுக்கிறது. அவர்களுக்கும் நம்மைப் போலத் தலைதான் ராஜ பாகம். ஒரு வருடம் நான் அந்த வாளியைக் கேட்டு வாங்கி, புளியும் மிளகாயும் போட்டுக் குழம்பு வைத்தேன். முதலில் தொட்டவர் எடை எழுதுகிற கிழவர்தான். கன்னச் சதையை விரலால் நோண்டி எடுத்து, வியர்த்து, இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டினார். இப்போது போட்டி அறிவிப்பு வரும்போதே என்னிடம் குழம்பு உண்டா என்று கேட்கிறார்கள். பத்து வருடமாக ஆக்லாந்திலேயே இருந்துகொண்டு, நம் கடையும் நம் கோயிலும் நம் சீரியலுமாக, கடலில் காலைக்கூட நனைக்காத நம்மவர் எத்தனையோ பேர். அவர்கள் இந்த நாட்டுக்கு வந்தார்களா என்றே எனக்குச் சந்தேகம்.

ஈட்டித் துப்பாக்கி இப்போது வாங்காதீர்கள். முதலில் உங்கள் முகத்துக்குப் பொருந்தும் முகமூடி, வெட்சூட், மூச்சடக்கும் பாதுகாப்பு வகுப்பு ஒன்று, இந்த வரிசையில் காசு செலவழியுங்கள். அதுவரை கை அரித்தால், இருட்டிய பிறகு முழங்கால் தண்ணீரில் விளக்கோடு நடந்து ஃபிளவுண்டர் என்கிற தட்டை மீனைக் குத்தப் போகலாம், மாவோரிகள் தீப்பந்தத்தோடு காலங்காலமாகச் செய்வது. அதற்கும் அளவு உண்டு, செயலியைப் பாருங்கள். வருகிற ஞாயிறு மேலே இருந்து பார்க்க ஆள் இல்லை என்றால் எழுதுங்கள், காலை ஃபெரியில் நான் வருகிறேன்.