பாலிசைதீமியா வெரா, திராம்போசைதீமியா, மைலோஃபைப்ரோசிஸ்: எப்படிப் பிரித்தறிவது?

மூன்றும் எலும்பு மஜ்ஜையில் தொடங்கும் நாள்பட்ட நோய்கள். பாலிசைதீமியா வெராவில் முக்கியமாகச் சிவப்பணுக்கள் பெருகுகின்றன. எசென்ஷியல் திராம்போசைதீமியாவில், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள். மைலோஃபைப்ரோசிஸ் முற்றும்போது மஜ்ஜை நார்த்தழும்பாக இறுகுகிறது, மண்ணீரல் வீங்குகிறது, இரத்தசோகை வருகிறது.

பிறகு ஏன் குழப்பம்? வேர் பெரும்பாலும் ஒன்றே: அணுக்களைப் பெருகச் சொல்லும் சமிக்ஞையைக் கடத்தும் ஜேஏகே2 மரபணுவில் ஏற்படும் பிழை. அழைப்பு மணியின் பொத்தான் உள்ளேயே சிக்கிக்கொண்டால், வாசலில் யாரும் இல்லாமலே மணி அடித்துக்கொண்டிருக்கும் அல்லவா? அப்படித்தான். 2005இல் கண்டறியப்பட்ட இந்தப் பிழை, பாலிசைதீமியா வெரா உள்ளவர்களில் சுமார் 95 சதவீதத்தினரிடமும், மற்ற இரண்டில் ஏறத்தாழப் பாதிப் பேரிடமும் காணப்படுகிறது.

உண்மையான தலைவலி தொடக்கநிலை மைலோஃபைப்ரோசிஸ்தான். அதிலும் தட்டணுக்கள் கூடலாம். நாரோ அதிகம் இருக்காது. இரத்தப் பரிசோதனையில் அச்சு அசலாகத் திராம்போசைதீமியா போலவே தெரியும். மஜ்ஜைத் துணுக்கை நுண்ணோக்கியில் வைத்து, தட்டணுக்களை உருவாக்கும் பெரிய செல்களின் வடிவத்தைப் பார்த்தே பிரிக்கிறார்கள்.

ஜேஏகே2 பிழை இல்லையென்று அறிக்கை வந்தால் நோயே இல்லை எனப் பலர் நிம்மதி அடைகிறார்கள். அது தவறு, சிஏஎல்ஆர், எம்பிஎல் மரபணுக்களின் பிழையாலும் திராம்போசைதீமியாவும் மைலோஃபைப்ரோசிஸும் வரும்.