பெயிண்ட் அப்புறம், முதலில் தண்ணீர் இறங்க வழி: மழைக்கு முன் மொட்டை மாடி

கேள்வி: மேற்கு தாம்பரத்தில் தரைத்தளம், முதல் தளம் என்று 20 வருடம் ஆன வீடு. மொட்டை மாடி 1000 சதுர அடி, தட்டோடு பதித்தது. மழைநீர் இறங்க இரண்டு மூலையிலும் 4 இஞ்ச் குழாய் ஒவ்வொன்று. போன வருடம் கனமழையில் மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது, படுக்கையறை சீலிங்கில் ஓதம் இறங்கிவிட்டது. மாடியில் பாதிக்கு ஷீட் போட்டிருக்கிறோம், அதன் ஓரத்தில் மழைநீரை ஏந்திக் குழாய்க்கு விடும் கட்டர் நிரம்பி சுவரில் வழிகிறது. வாட்டர் ப்ரூஃபிங் பெயிண்ட் அடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் கான்ட்ராக்டர். அடிக்கலாமா? ஐப்பசிக்குள் வேறு என்ன செய்ய வேண்டும்?

பதில்: அடிக்க வேண்டாம், இப்போதைக்கு. கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிற மாடியில் எந்த கம்பெனி பெயிண்டும் ரொம்ப நாள் தாங்காது. தண்ணீர் நிற்காத மாடிக்கு அது அவ்வளவு அவசரமும் இல்லை. உங்கள் வீட்டில் முதல் கோளாறு தண்ணீர் கீழே இறங்காதது, ஓதம் அதற்குப் பிறகு வந்தது. ஆனால் கான்ட்ராக்டருக்கு பெயிண்டில்தான் காசு, குழாயில் அடைப்பு எடுப்பதில் என்ன இருக்கிறது, அதனால் அவர் பெயிண்டிலிருந்துதான் ஆரம்பிப்பார்.

ஒரு சின்ன கணக்கு பார்த்துவிடலாம். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். உங்கள் 1000 சதுர அடி என்பது கிட்டத்தட்ட 93 சதுர மீட்டர். 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 9,300 லிட்டர், கோடையில் காசு கொடுத்து வாங்குகிறோமே அந்த 9000 லிட்டர் லாரி ஒன்றை அப்படியே மாடியில் கவிழ்த்த மாதிரி. 2015 டிசம்பர் 1-ம் தேதி தொடங்கி மறுநாள் காலைக்குள் உங்கள் தாம்பரத்தில் பதிவானது 49 சென்டிமீட்டர், அதாவது ஐந்து லாரி. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அதனால் "எங்க ஏரியாவுல அவ்வளவெல்லாம் பெய்யாது" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

தண்ணீர் நிற்பதில் ஓதத்தைவிடப் பெரிய விஷயம் எடை. ஆட்கள் ஏறிப் போகிற மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ வரை மேல்பாரம் வரலாம் என்று கணக்குப் போட்டுத்தான் நம் நாட்டில் தளம் வடிவமைக்கிறார்கள். 10 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் சதுர மீட்டருக்கு 100 கிலோ. 15 சென்டிமீட்டர் நின்றால் 150, கணக்கு முடிந்தது. கைப்பிடிச் சுவர் மூன்று அடி இருக்கும், அது நிரம்பும்வரை தண்ணீர் ஏறுவதைத் தடுக்க வேறு எதுவும் இல்லை. போன வருடம் உங்கள் மாடியில் கணுக்கால் அளவு நின்றது என்றால் தளம் ஒன்பது டன் சுமந்து நின்றிருக்கிறது, மேலே இருக்கிற தண்ணீர் டேங்க், பூந்தொட்டி, ஷீட் கம்பிகள் எல்லாம் போக.

இப்போது குழாய்க்கு வருவோம். மணிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் அடித்துப் பெய்கிற மழைக்கு ஒரு 4 இஞ்ச் குழாய் சுமார் 40 சதுர மீட்டர் பரப்பைத்தான் சமாளிக்கும், அதாவது 430 சதுர அடி. உங்களிடம் இரண்டு குழாய். இரண்டும் சுத்தமாக இருந்தாலே 860 சதுர அடிக்குத்தான் போதும், உங்கள் 1000 சதுர அடிக்குக் கொஞ்சம் பற்றாது. ஒன்று அடைத்துக்கொண்டால் மாடி குளம். மூன்றாவதாக ஒரு குழாய் இறக்க இடம் இருந்தால், இந்த வருடமே இறக்கிவிடுங்கள், பெயிண்ட் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகை இல்லை.

அதற்கு முன்னால், இருக்கிற இரண்டும் ஓடுகிறதா என்று பாருங்கள். டேங்கிலிருந்து ஹோஸ் எடுத்துக் குழாய் வாயில் விட்டால் போதாது, அந்த அளவு தண்ணீர் பாதி அடைத்த குழாயிலும் இறங்கிவிடும். இரண்டு பேர் இரண்டு பெரிய வாளித் தண்ணீரை ஒரே நேரத்தில் குழாய் வாயருகே சாய்க்க வேண்டும், இன்னொருவர் கீழே நின்று பார்க்க வேண்டும். மேலே தண்ணீர் சுழித்துக்கொண்டு சட்டென்று போனால் சரி. தேங்கி, குமிழி விட்டு, மெதுவாக இறங்கினால் அடைப்பு. அப்போது கீழே குழாய் மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்குள் போகிற இடத்தில் இருக்கும் மூடியையோ வளைவையோ கழற்றிவிட்டு இன்னொரு முறை வாளியைச் சாயுங்கள். இப்போது குபுகுபுவென்று கொட்டினால் கோளாறு குழாயில் இல்லை, தொட்டியில். நிறையப் பேர் இதைக் கவனிப்பதே இல்லை. 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது அவசர அவசரமாகக் கட்டிய தொட்டிகளும், அதற்கப்புறம் பிளான் அப்ரூவலுக்காகக் கட்டிய தொட்டிகளும் வண்டல் சேர்ந்து கல்லாக இறுகிக் கிடக்கின்றன. மேலே குழாயை எத்தனை முறை குத்தினாலும் கீழே போக வழி இல்லாவிட்டால் தண்ணீர் எங்கே போகும்? தொட்டிக்குள் இருக்கும் ஜல்லியையும் மணலையும் அள்ளி வெளியே போட்டு, ஜல்லியைக் கழுவி, மேல் மணலைப் புதிதாக மாற்றிப் போடுங்கள். இரண்டு ஆள் ஒரு நாள் வேலை.

சில வீடுகளில் மழைநீர்க் குழாயைச் சாக்கடை சேம்பரோடு சேர்த்து வைத்திருப்பார்கள். உங்கள் வீட்டில் அப்படி இருந்தால் முதலில் பிரியுங்கள். அது விதிமீறல் என்பது ஒரு பக்கம், கனமழையில் தெருச் சாக்கடை நிரம்பியதும் உங்கள் மாடித் தண்ணீரே உங்கள் கீழ்வீட்டு பாத்ரூம் வழியாக மேலே வரும்.

குழாய் வாயில் குப்பை போகாமல் தடுக்க என்ன ஜாலி (ஓட்டை மூடி) இருக்கிறது? தட்டையான ஸ்டீல் ஜாலி என்றால் மாற்றிவிடுங்கள். தட்டை ஜாலியை மூட ஒரு பாதாம் இலை போதும். கவிழ்த்த கிண்ணம் மாதிரி எழும்பி நிற்கிற ஜாலி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், சுற்றிலும் சருகு வந்து ஒட்டினாலும் மேல்பாதி வழியாகத் தண்ணீர் இறங்கும். ஜாலியே வேண்டாம் என்று கழற்றி வைக்கிறவர்களும் உண்டு, அது இன்னும் மோசம், பந்தும் துணி கிளிப்பும் காக்கைக்கூட்டுக் கம்பியும் உள்ளே போய் முதல் எல்போவில் உட்கார்ந்துவிட்டால் குழாயை அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

இலைகூடப் பரவாயில்லை. நம் ஊர் மழைக்காலத்தின் நடுவில்தான் தீபாவளி வருகிறது, அதை யோசித்துப் பாருங்கள். மாடியில் வெடித்த சரவெடிக் காகிதம் இரவு மழையில் நனைந்து கூழாகி, ஜாலியின் ஒவ்வொரு ஓட்டையிலும் மாவு பூசிய மாதிரி அப்பிக்கொள்ளும். காய்ந்த சருகைக் கையால் தள்ளிவிடலாம், இதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். வெடித்து முடித்த கையோடு, ஈரமாவதற்குள், மாடியைப் பெருக்கிவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பட்டாசும் உங்கள் மாடியில்தான் விழும் என்பதால், நீங்கள் வெடிக்காவிட்டாலும் பெருக்கத்தான் வேண்டும்.

அடுத்தது, நான் எல்லோருக்கும் சொல்கிற, பாதிப் பேர் செய்யாத வேலை. கைப்பிடிச் சுவரில், தளத்திலிருந்து இரண்டு அங்குலம் உயரத்தில், ஒரு ஓட்டை போட்டு 3 அல்லது 4 இஞ்ச் பிவிசி துண்டு ஒன்றைச் சொருகி, வெளியே ஒரு அடி நீட்டி, சுற்றிலும் நன்றாகப் பூசிவிடுங்கள். இரண்டு பக்கம் போட்டால் இன்னும் நல்லது. சாதாரண மழையில் இதில் ஒரு சொட்டு வராது. கீழ்க்குழாய்கள் அடைத்துக்கொண்டால் தண்ணீர் இரண்டு அங்குலம் ஏறியதும் இதன் வழியாக வெளியே விழும், நீங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் தளம் பிழைக்கும். அது கொட்டுவதைத் தெருவில் போகிறவர் பார்த்தாவது "சார், மாடியில தண்ணி நிக்குது" என்று சொல்வார். உங்கள் காலி இடத்துப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டு காம்பவுண்டுக்குள் விழுகிற மாதிரி வைத்தால் மழை நின்றாலும் சண்டை நிற்காது.

வாட்டம், அதாவது தளத்தின் சரிவு, சரியாக இருக்கிறதா என்பதையும் வாளித் தண்ணீரே சொல்லிவிடும். மாடி முழுக்க நனைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பாருங்கள், எங்கெல்லாம் குட்டை நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போடுங்கள். பத்து அடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது குழாயை நோக்கி இறக்கம் இருக்க வேண்டும். 20 வருடத்தில் அங்கங்கே தட்டோடு அமுங்கியிருக்கும், அந்த இடத்தை மட்டும் பெயர்த்து வாட்டம் பார்த்துத் திரும்பப் பதிக்கச் சொல்லுங்கள். கை வைத்தால் நனைகிற அளவு ஈரம் நிற்பதற்கெல்லாம் ஆள் கூப்பிட வேண்டாம், அரை அங்குலத்துக்கு மேல் நிற்கிற இடங்கள் போதும். ஒரு எச்சரிக்கை: "பழசை எடுக்க வேண்டாம், மேலேயே ரெண்டு இஞ்ச் கான்கிரீட் போட்டு வாட்டம் குடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டு அங்குலக் கான்கிரீட் என்பது சதுர மீட்டருக்கு 120 கிலோ, அதுவும் நிரந்தரமாக.

ஷீட் கட்டர் வழிவதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான். மாட்டும்போது ரசமட்டம் வைத்து நேராக மாட்டியிருப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும், தண்ணீர் ஓடாது. குழாய் இறங்குகிற பக்கம் பத்து அடிக்கு அரை அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். கிளாம்பு தூரம் தூரமாக அடித்து நடுவில் தொய்ந்திருந்தாலும் இதே கதை, இரண்டு மூன்று அடிக்கு ஒரு கிளாம்பு வேண்டும். இரண்டாவது, இத்தனை பெரிய ஷீட்டுக்கு 2 இஞ்ச் குழாய் ஒன்றை மட்டும் இறக்கியிருப்பார்கள். மூன்றாவது, ஷீட் முனை கட்டருக்குள் இரண்டு அங்குலம் நீளாமல் விளிம்போடு நிற்கும், அப்போது பலத்த மழை கட்டரைத் தாண்டிப் போகும், லேசான மழை ஷீட்டின் அடிப்பக்கமாகச் சுருண்டு சுவருக்குப் போகும். எதுவானாலும் கட்டரின் வெளி விளிம்பு சுவர்ப்பக்க விளிம்பைவிடக் கொஞ்சம் தாழ்வாக இருக்கட்டும், நிரம்பினாலும் சுவரில் வழியாமல் வெளியே கொட்டும். ஏறியது ஏறினீர்கள், ஷீட் ஸ்குரூக்களின் ரப்பர் வாஷரையும் பாருங்கள், வெயிலில் வெடித்திருந்தால் மாற்றுங்கள். ஆனால் ஷீட் மேல் நேரடியாகக் காலை வைக்காதீர்கள், பலகை போட்டு, கீழே கம்பி போகிற இடமாகப் பார்த்து வையுங்கள். அலுமினிய ஏணியைத் திருப்பும்போது இபி வயர் பக்கம் ஒரு கண் இருக்கட்டும்.

கைப்பிடிச் சுவர் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். விரல் நீளம் இருக்கும்போதே, நல்ல ஈரத்தில், வேரோடு பிடுங்கினால் வந்துவிடும். தண்டு தடித்துவிட்டால் இழுக்காதீர்கள், மேல்பாதி உடைந்து வேர் உள்ளேயே தங்கும். கொத்தனாரை விட்டுப் பூச்சைப் பெயர்த்து வேரை எடுத்து அடைக்க வேண்டும். பாசி வழுக்கினால் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். ஆசிட் ஊற்றவே ஊற்றாதீர்கள். அது தட்டோட்டு இடுக்குப் பூச்சை அரித்துவிடும், பிளீச்சிங் பவுடரோடு கலந்தால் விஷவாயு வரும்.

சரி, ஓதத்துக்கு வருவோம். தட்டோட்டுக்கு அடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த ஒரு படுகை இருக்கும். இடுக்குகளில் இறங்கிய தண்ணீரை அது குடித்து வைத்துக்கொண்டு, மழை நின்று வாரக்கணக்கில் மெதுவாகக் கீழே விடும். அதனால் சீலிங்கில் ஓதம் தெரிகிற இடத்துக்கு நேர் மேலேதான் விரிசல் இருக்கும் என்று நினைக்காதீர்கள், பத்தடி தள்ளியும் இருக்கலாம். அந்தப் படுகை ஈரமாக இருக்கும்போது மேலே பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு, அடுத்த வெயிலில் பெயிண்டைக் கொப்புளமாக எழுப்பிவிடும். இப்போது புரட்டாசி. பகலில் வெயில் காய்கிறது, சாயங்காலம் இடி மழை, படுகை காய்கிற காலமே இல்லை. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கிவிடும். பெயிண்ட் அடித்தே ஆக வேண்டும் என்றால் வருகிற சித்திரை, வைகாசியில் அடியுங்கள்.

இந்த மழைக்கு இடுக்கு வேலை மட்டும் போதும். தட்டோட்டு இணைப்புகளில் உதிர்ந்த பூச்சைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, வாட்டர் ப்ரூஃபிங் கலவை சேர்த்த சிமெண்ட் பாலை இறுக்கி நிரப்பச் சொல்லுங்கள். தளமும் கைப்பிடிச் சுவரும் சேருகிற மூலைதான் முக்கியம், பாதி வீடுகளில் ஓதம் அங்கிருந்துதான் கிளம்புகிறது. அந்த மூலை நெடுக முக்கோணமாகக் கலவை வைத்து உருட்டிப் பூசிவிட வேண்டும். குழாய் வாயைச் சுற்றியும் அதே மாதிரி. ஓவர்ஹெட் டேங்க் நிரம்பித் தினமும் ஒரே இடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள், மழையே வேண்டாம், அதுவே ஓதம் இறக்கும்.

சித்திரையில் கான்ட்ராக்டர் வரும்போது முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். வேலை முடிந்து பூச்சு நன்றாகக் காய்ந்ததும், குழாய் வாய்களைத் துணி வைத்து அடைத்து, தாழ்வான பக்கம் ஒரு அங்குலம் நிற்கிற அளவு தண்ணீர் கட்டி, 24 மணி நேரம் விட்டு, கீழே சீலிங்கைப் பார்த்துவிட்டு மீதியைத் தருகிறேன் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். வேலையில் நம்பிக்கை உள்ளவர் ஒப்புக்கொள்வார். சோதனை முடிந்ததும் அந்தத் துணியை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.